பித்தநீர் அமிலம்: நடுவில் ‘நீர்’ எதற்கு?

“ஏம்ப்பா, பித்தம் கூடுனா கிட்னி போயிடும்னு எழுதியிருக்காங்க. சீரகத் தண்ணி குடிச்சாப் பித்தம் இறங்கிடுமே, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?”

அத்தை நீட்டிய தாள், அவர் போய்வரும் மருத்துவமனையில் கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுப்பது. கொட்டை எழுத்தில் ‘பித்தம் அதிகரித்தால் சிறுநீரகம் பழுதடையும்’ என்று இருந்தது. ஆங்கில மூலம் அதே தாளின் பின்பக்கத்தில். அங்கே இருந்த சொல் ‘பைல் ஆசிட்ஸ்’, அதாவது கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் உள்ள அமிலங்கள். மொழிபெயர்த்தவர் ஆசிட்டை விட்டுவிட்டார், பைலைப் பித்தம் ஆக்கிவிட்டார். நலவாழ்வுக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இதே பிழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். இந்த முறை அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அத்தை ஒன்பது நாளாக மாத்திரையைத் தொடவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பைல்’ இலத்தீனின் ‘பிலிஸ்’. கிரேக்கத்தில் அதே பொருளுக்குக் ‘கோலே’. கொலஸ்ட்ரால் என்ற பெயருக்குள் அந்தக் கோலே இருக்கிறது. முதலில் பித்தக்கல்லில் கண்டெடுத்த பொருள் அது. அந்தக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் கல்லீரல் இந்த அமிலங்களைச் செய்கிறது என்பது பொருத்தமான தற்செயல். கோலிக் அமிலமும் கீனோடியாக்சிகோலிக் அமிலமும் கல்லீரல் நேரடியாகச் செய்பவை. டியாக்சிகோலிக், லித்தோகோலிக் இரண்டும் குடலில் வாழும் பாக்டீரியா அவற்றை மாற்றுவதால் உண்டாகுபவை. கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துக் குடல் உறிஞ்ச வழிசெய்வது இவற்றின் முதல் வேலை. வேலை முடிந்ததும் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே திரும்புகிறது. இவற்றின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ‘பித்தம்’. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் அழல்தான் பித்தம். வள்ளுவர் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறித்தது இந்த மூன்றையே. அது உடல் முழுவதன் நிலையைச் சொல்லும் கருத்து. ஒரு கோப்பையில் பிடித்து அளக்கும் திரவமாக அதைப் பார்க்க முடியாது. பேச்சு வழக்கில் அதன் எல்லை இன்னும் விரிகிறது. குதிகால் வெடித்தால் பித்தவெடிப்பு, இளவயதில் முடி நரைத்தால் பித்தநரை, காலையில் தலை சுற்றினால் பித்தம். ‘பெற்ற மனம் பித்து’ என்னும்போது அது தாயன்பு. இத்தனை பாரம் சுமக்கும் சொல்லை ஆய்வகச் சீட்டில் எண்ணாக அளக்கும் ஒரு வேதிப்பொருளுக்குப் பெயராக வைத்தால் அத்தை சீரகத்தைத் தேடித்தான் போவார். அவர் மேல் என்ன பிழை? தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘பித்தக்காடி’ என்கிறார்கள். அமிலம் வடசொல், காடி தமிழ் என்பது அவர்கள் வாதம். தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் காடி என்றதும் நாவில் ஊறுவது புளிப்பு. இந்தப் பொருளோ கடுங்கசப்பு. கோழி அறுக்கும்போது பிச்சு உடைந்த கறியைத் தின்றவருக்குத் தெரியும். கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சற்றே காரத்தன்மை உடையது. அமிலம் என்ற சொல்லுக்கும் வேர் புளிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிப் பாடநூல்களில் பழகிப் பழகி அது நாவை விட்டு வேதியியலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. காடி இன்னும் அடுக்களையில் இருக்கிறது. மேலும், பித்தக்காடியிலும் முன்பாதி அதே பித்தம்தானே? குழப்பம் பிறந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற பாதியைத் திருத்தி என்ன பயன்?

‘பித்த அமிலம்’ பரவலாக இருக்கிறது. தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதிலும் அந்தப் பழைய பித்தத்தின் நிழல் விழுகிறது. என் தேர்வு ‘பித்தநீர் அமிலம்’. கல்லீரல் சுரப்பது பித்தநீர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த ‘நீர்’ ஒரு வேலி. இது சுரப்பு, இது ஓடும், அடைபடும், அளக்கலாம் என்று ஓரெழுத்து கூட விளக்காமல் சொல்லிவிடுகிறது.

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் துல்லியம் கட்டாயம் வேண்டும். கல்லீரலிடமிருந்து தப்பி இரத்தத்தில் வரும் சிறிதளவு பித்தநீர் அமிலத்தைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. பிறகு அதன் நுண்குழல்கள் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. அதனால் நலமாக இருப்பவரின் சிறுநீரில் அது மிகக் குறைவு. பித்தநீர்ப் பாதை அடைபட்டால் இரத்தத்தில் அளவு ஏறி, சிறுநீர் வழியே வெளியேறுவது கூடும். கடும் காமாலையில் பித்தநீர் அமிலங்கள் நுண்குழல் செல்களைப் புண்ணாக்க, பிலிருபின் அங்கே அடைப்புகளாக உறையும். பிலிருபின் பித்தநீரின் நிறமி, சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வருவது, அமிலத்துக்கு உறவே இல்லாதது. இரண்டையும் ‘பித்தம்’ என்றே எழுதும் தாளை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

அதோடு, இந்த அமிலங்கள் கேடு மட்டும் செய்பவையும் அல்ல. எஃப்எக்ஸ்ஆர், டிஜிஆர்5 என்ற ஏற்பிகள், அதாவது செல்கள் செய்தி வாங்கும் புரதங்கள், சிறுநீரகத்திலும் உண்டு. பித்தநீர் அமிலங்கள் அவற்றில் பொருந்தி ஹார்மோன் போலச் செய்தி சொல்கின்றன. சர்க்கரை நோய் வந்த எலிகளில் இந்த ஏற்பிகளைத் தூண்டியபோது சிறுநீரகத்தின் அழற்சியும் தழும்பும் குறைந்தன. எந்த அமிலம், எவ்வளவு, எங்கே என்பதே கேள்வி. ‘பித்தம் கூடினால் பழுது’ என்ற ஒற்றை வரியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அத்தை நிறுத்திய மாத்திரை அர்சோடியாக்சிகோலிக் அமிலம். ‘அர்சஸ்’ என்றால் இலத்தீனில் கரடி. கரடியின் பித்தநீரில் மிகுந்திருப்பதால் வந்த பெயர். அதுவும் ஒரு பித்தநீர் அமிலமே, செல்களுக்குக் கேடு குறைந்தது. அதைச் சொன்னபோது “பித்தம் கூடிருச்சுன்னு பித்தத்தையே குடுப்பாங்களா?” என்று கேட்டார். தாளை வாங்கி, ‘பித்தம்’ என்பதைப் பேனாவால் அடித்து, ‘கெடுதி செய்யும் பித்தநீர் அமிலங்கள் இரத்தத்தில் மிகுந்தால்’ என்று மேலே எழுதினேன். மாத்திரைப் பட்டையின் பின்னால் ‘நல்ல பித்தநீர் அமிலம்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். “சரி, நாளைக்குக் காலையில டாக்டருக்குப் போன் பண்ணிக் குடு, விட்டதைச் சொல்லிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன்” என்றார்.