கண்ணெதிரே இருந்த தடயம் ஏன் கண்ணில் படவில்லை?

"துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் உண்மை உடையும்போது, 'அட, இதை முன்னாலேயே சொல்லியிருந்தாரே!' என்று தோன்றுகிறது. புரட்டிப் பார்த்தால் அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது. படிக்கும்போது மட்டும் ஏன் உறைக்கவில்லை? எனக்குக் கவனம் போதவில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

யாருக்குமே போதாது. நம் கவனம் எங்கே போகும், எங்கே போகாது என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். நல்ல கதைக்காரர் அந்தக் கணிப்பை வைத்துத்தான் தடயத்தைப் பதுக்குகிறார்.

முதலில் தெரிந்த விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நடந்தது ஒன்று, அதைச் சொல்லும் வரிசை வேறொன்று. 1920களில் இலக்கியத்தின் வடிவத்தை ஆராய்ந்த ரஷ்ய உருவவாதிகள் இந்த இரண்டையும் பிரித்துப் பேசினார்கள். 1972இல் பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் அதை இன்னும் நுணுக்கமாக வகைப்படுத்தினார்: எந்த வரிசையில் சொல்வது, எவ்வளவு நேரம் சொல்வது, எத்தனை முறை சொல்வது. நடுவில் தொடங்குவது, பின்னோக்கிப் போவது எல்லாம் இதற்குள் வந்துவிடும். இவை வெளியே தெரிகிற உத்திகள். எனக்குப் பிடித்தது வெளியே தெரியாத ஒன்று. ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. 1987இல் உளவியலாளர் ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் சின்னச் சின்னக் கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றில் ஜான் ஓடக் கிளம்புகிறான். சிலருக்குக் கிடைத்த கதையில் அவன் ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். மற்றவர்களுக்குக் கிடைத்ததில் கழற்றிவிட்டு ஓடுகிறான். ஒரு சொல்தான் வித்தியாசம். ஓரிரு வாக்கியம் தள்ளி, "ஸ்வெட்ஷர்ட் என்ற சொல் கதையில் வந்ததா?" என்று கேட்டார்கள். போட்டுக்கொண்டு ஓடிய கதையைப் படித்தவர்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள். கழற்றிவைத்த கதையைப் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ஜான் அதை விட்டுவிட்டுப் போனதும் வாசகர் மனமும் விட்டுவிட்டது.

ஆக, படிக்கும்போது நாம் சொற்களைச் சேமித்துவைப்பதில்லை. யார், எங்கே, என்ன செய்கிறார் என்று ஒரு காட்சியைக் கட்டி, அதைத் திருத்திக்கொண்டே போகிறோம். காட்சியை விட்டு வெளியேறிய பொருள் கைக்கு எட்டாமல் போகிறது. காலம் நகர்ந்தாலும் இதேதான். 1996இல் ரோல்ஃப் ஸ்வான் செய்த சோதனையில், "சற்று நேரத்தில்" என்று தொடங்கும் வாக்கியத்தைவிட "ஒரு மணி நேரம் கழித்து" என்று தொடங்கும் வாக்கியத்தைப் படிக்க அதிக நேரம் ஆனது. அதற்கு முன் வந்த தகவலும் சற்று மங்கியது. "மறுநாள் காலை" என்று புதிய அத்தியாயம் தொடங்குவது ஏன் வசதி என்று இப்போது புரிந்திருக்கும். எதை மறக்கடிக்க வேண்டுமோ அதை அத்தியாய முடிவுக்குச் சற்று முன்னால் வைத்தால் போதும். அத்தியாயத்தின் கடைசி வரியிலேயே வைத்துவிடக் கூடாது; அங்கே வாசகர் நின்று யோசிப்பார்.

சரி, அந்த ஒற்றை வாக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

பெருவெள்ளத்திலிருந்து காப்பாற்ற விலங்குகளை ஜோடி ஜோடியாகக் கப்பலில் ஏற்றிய "நோவாவின் பேழை" என்ற பைபிள் கதை தெரிந்தவர்களிடம் எரிக்சனும் மேட்சனும் 1981இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: "மோசே பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?" பலரும் தயங்காமல் "இரண்டு" என்றார்கள். பேழை நோவாவுடையது, மோசே பைபிளில் வரும் வேறொருவர் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேள்வி கேட்டது எண்ணிக்கையை. பெயர் ஏற்கெனவே தீர்ந்துபோன சங்கதி போல வாக்கியத்தில் உட்கார்ந்திருந்தது, அதனால் யாரும் சரிபார்க்கவில்லை. 1987இல் பேக்கரும் வாக்னரும் இதை வாக்கிய அமைப்போடு சேர்த்துச் சோதித்தார்கள். தவறான தகவல் முதன்மை வாக்கியத்தில் இருந்தால் ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே தகவல் துணைத் தொடருக்குள் போய்விட்டால் கோட்டைவிடுகிறார்கள்.

இப்போது ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் ஒரு சாவு. அத்தை பின்னால், "அன்றிரவு அண்ணன் கடிதத்தை நானே படித்துவிட்டுத்தான் எரித்தேன்" என்று சொல்லப்போகிறாள். அது பொய். அன்று அவளிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. இந்தத் தகவலை எப்படிக் கொடுப்பது? "அத்தை கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாள்" என்று தனி வாக்கியமாக எழுதினால் காரியம் கெட்டது. இதை ஏன் நம்மிடம் சொல்கிறார் என்று வாசகர் உடனே மோப்பம் பிடிப்பார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பிய அத்தை, வாசலிலேயே நின்று, 'அண்ணன் எங்கே?' என்று கேட்டாள். அவள் குரல் நடுங்கியது."

கண்ணாடி இங்கே எச்சத்துக்குள் போய்விட்டது. முற்றுவினை "கேட்டாள்". மனம் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, கேள்வியையும் நடுக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு முற்றில் நிறுத்தும் வசதி தமிழில் இயல்பாகவே இருக்கிறது. தடயத்தைப் புதைக்க இதைவிட நல்ல மொழி அமைவது கடினம் என்பது என் கட்சி. நான் சொன்ன சோதனை ஆங்கில வாக்கியங்களை வைத்துச் செய்தது. தமிழின் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் வைத்து அதையே செய்ய ஒரு கணினியும் பொறுமையான சில பத்து மாணவர்களும் போதும். மொழி ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் விழா மேடைக்கு ஆகும் செலவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

இன்னும் ஒரு நுட்பம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது, அதுதான் என்னைச் சொக்கவைப்பது. கண்ணாடி விஷயம் சும்மா வரவில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: அத்தை ஏன் தாமதமாக வந்தாள் என்பதை விளக்குகிறது. 'ஓ, அதனால்தான் நேரமாகிவிட்டதா' என்று வாசகர் அந்தத் தகவலுக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு பயன் கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். அதே தகவலுக்கு இரண்டாவது பயன் ஒன்று இருக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வேலை இல்லாமல் கிடக்கும் விவரம்தான் துருத்திக்கொண்டு தெரியும்; அதைக் காரணம் காட்டும் வேலையில் அமர்த்திவிட்டால் போதும்.

ஆனால் அளவுக்கு மீறிப் புதைத்தால் கதை தோற்கும். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயத்தை வாசகருக்கும் காட்டியாக வேண்டும் என்று 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் விதியே எழுதிவைத்தார். வெறுமனே காட்டினால் போதாது, கடைசியில் வாசகருக்கு அது நினைவுக்கு வரவும் வேண்டும். தானாக நினைவுகூர்வது கடினம். எடுத்துக் காட்டும்போது அடையாளம் தெரிவது எளிது. எழுத்தாளர் இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடத்துகிறார். தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக, கண்ணாடி மாதிரி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிவில் அதே சொல்லைச் சொன்னால் பழைய வரி எழுந்து வரும். வந்ததும் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். 1972இல் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகுமுன், என்னென்ன நடக்கலாம் என்று பரூக் ஃபிஷாஃபும் ரூத் பெய்த்தும் ஆட்களிடம் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, தாங்கள் அன்று என்ன கணித்தோம் என்று கேட்டபோது, நடந்துவிட்டதாக நம்பியவற்றுக்கு முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்ததாகப் பலர் சொன்னார்கள். "எனக்கு அப்பவே லேசாகச் சந்தேகம் இருந்தது" என்று நாவலை மூடிவைக்கும் நண்பரும் இதே வகைதான்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனையாவது பக்கத்தில் திருப்பம், இத்தனையாவது நிமிடத்தில் நெருக்கடி என்று கணக்குப் போட்டுத் தரும் வாய்ப்பாடுகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்து முடிந்த வாழ்க்கைக்கு ஜாதகம் பொருந்துவது மாதிரிதான் அவை வெற்றி பெற்ற கதைகளுக்குப் பொருந்துகின்றன. தோற்ற கதைகளிலும் அதே பக்கத்தில் அதே திருப்பம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. 2011இல் கலிபோர்னியாவில் 12 சிறுகதைகளை வைத்துச் செய்ததில், முடிவை முன்பே அறிந்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். 2015இல் வேறு குழுவினருக்கு நேர்மாறாக வந்தது. கண்ணாடி வாக்கியத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை: இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டது என்று தெரியும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: அடுத்த கதையில் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு எச்சத்தையும் பிரித்துத் தனி வாக்கியமாக்கிப் படியுங்கள். அத்தை கண்ணாடியைக் கொடுத்தாள். அத்தை திரும்பினாள். அத்தை நின்றாள். அத்தை கேட்டாள். கொலையாளி அகப்பட்டுவிடுவார். அப்படிப் பத்துப் பக்கம் தாண்ட முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.