பாலத்தைவிட உயரத்துக்கு ஏறும் தண்ணீர்

ஜப்பானின் குமாமோட்டோ மாகாணத்தில், யமாதோ என்ற ஊரில் இருக்கிறது ட்சூஜுன் பாலம். ஒரே வளைவு, சுமார் 20 மீட்டர் உயரம், 76 மீட்டர் நீளம். மேலே நடந்தால் இருபுறமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. நடுவே போகப் போகக் கால் தானாகவே நிதானிக்கும். இது முதலில் தண்ணீர் கடப்பதற்காகக் கட்டிய பாலம். நாம் நடக்கும் தரைக்கு அடியில் மூன்று கல் குழாய்கள் போகின்றன.

வியப்பு என்னவென்றால், தண்ணீர் வரும் வாய்க்காலும் மேடு, அது போய்ச் சேர வேண்டிய ஷிராயிதோ பீடபூமியும் மேடு. பாலம்தான் தாழ்வு. வாய்க்கால் மட்டத்துக்கே பாலத்தை உயர்த்த அன்றைய கல் வளைவுகளால் முடியாது. அதனால் தண்ணீர் சரிந்து இறங்கி, பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் மறுபடி மேலே ஏறுகிறது. 1854-ல் கட்டியது, பம்ப் ஏது?

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் ட்யூப் லெவல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ட்யூபின் நடுப்பகுதி தரையில் தொங்கினாலும், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழியும். இங்கே நடப்பதும் அதேதான். வெளியேறும் வாய் நுழையும் வாயைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதால் ஓட்டம் நிற்பதில்லை. இதற்குத் தலைகீழ் சைஃபன் என்று பெயர். சாதாரண சைஃபனைப் போல முதலில் உறிஞ்சிவிட வேண்டிய தேவை இதில் இல்லை.

தத்துவம் எளிது, குழாய்தான் கஷ்டம். மேலே 6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கல்லில் குடைந்த துளை ஏறக்குறைய 30 செ.மீ. சதுரம். அந்த அளவுள்ள அடைப்பின் மேல் அரை டன்னுக்கும் அதிகமான விசை விழும். அதே அழுத்தம் ஒவ்வொரு இணைப்பையும் பிளக்கப் பார்க்கும். இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய ஊர்த்தலைவர் ஃபுதா யாசுனோசுகே மரக் குழாயைச் சோதித்தார், அது தாங்கவில்லை. அப்புறம்தான் கல்லுக்கு வந்தார். கற்கள் ஒன்றோடொன்று சேரும் முகத்தில், துளையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, சுண்ணாம்பு, மண், மணல், உப்பு, பைன் இலைச் சாறு கலந்த சாந்தை அதற்குள் இடித்து இறுக்கினார்கள். இடையிடையே கல்லுக்குப் பதிலாக மரக் குழாய்த் துண்டுகளையும் வைத்தார்கள். நிலம் அசைந்தால் கல் உடையும், மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். என்னைக் கேட்டால், மொத்தப் பாலத்திலும் ஆகச் சிறந்த யோசனை இதுதான்.

2016 நிலநடுக்கத்தில் வளைவு விழாமல் நின்றது; ஆனால் சாந்து விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. 2018 மழையில் பக்கச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. எல்லாவற்றையும் சீர்செய்து, 2020-ல் மறுபடி நீர் திறந்தார்கள். 2023-ல் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதியும் கிடைத்தது.

நீர் திறப்பைப் பார்க்கத்தான் இன்று கூட்டம் வருகிறது. ஆனால் அது வேடிக்கைக்காக ஏற்பட்டதல்ல. தாழ்ந்த இடத்தில்தான் வண்டல் தங்கும். இங்கே தாழ்ந்த இடம் பாலத்தின் நடுப்பகுதி. அதனால் அங்கேயே துளை விட்டு மரக் கட்டையால் அடைத்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டிக் கட்டையை எடுத்ததும், இருபுறமும் தண்ணீர் வளைந்து பாய்ந்து ஆற்றில் விழுகிறது. உள்ளே படிந்திருந்த மண்ணும் அதோடு போய்விடும். வயலுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நடவுக் காலத்தில் கட்டையை எடுப்பதில்லை.