ஆழமற்ற நகலா, பகிர்படியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் வார இறுதி வகுப்புகளில் ‘ஆழமற்ற நகல்’, ‘ஆழமான நகல்’ என்னும் தொடர்கள் ஓயாமல் காதில் விழுகின்றன. தரவுகளைப் பொருள்களாகத் தொகுத்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு பொருளைப் படியெடுக்கும் இரு முறைகளுக்கு வழங்கும் ‘ஷாலோ காப்பி’, ‘டீப் காப்பி’ என்னும் ஆங்கிலப் பெயர்களின் தமிழாக்கங்கள் இவை, இரண்டும் பொருந்தவில்லை.

‘நகல்’ அரபுச் சொல், ‘பிரதி’ வடசொல். ஏடு எழுதியோர் வழங்கிய ‘படி’ என்னும் சொல், கையெழுத்துப்படி என்பதில் இன்றும் வாழ்கிறது. அதுவே நமக்குப் போதும்.

பெரிய குறை ‘ஆழமற்ற’ என்பதில்தான். ஆழமற்ற பேச்சு, ஆழமற்ற ஆய்வு என்றால் தரம் தாழ்ந்தது என்றே தமிழர் கொள்வர். ஆகவே பிள்ளைகளும் ஒன்றை மட்டமான நகல், மற்றதை நல்ல நகல் என்று எண்ணிவிடுகிறார்கள். மாணவர் என்னும் பொருளுக்குள் பெயரும் மதிப்பெண் பட்டியலும் இருப்பதாகக் கொள்வோம். ஆழமற்ற நகலை எடுக்கும், பைத்தான் நிரல்மொழியின் ‘காப்பி’ புதிய மாணவரை உருவாக்கினாலும் பட்டியலைப் புதிதாக உருவாக்காமல் பழையதையே சுட்டிக்காட்டுவதால், படியின் பட்டியலில் சேர்த்த மதிப்பெண் மூலத்திலும் தோன்றும். ஆழமான நகலை எடுக்கும் ‘டீப்காப்பி’ பட்டியலையும் தனியே படியெடுக்கிறது. பொருள்கள் ஒன்றையொன்று சுட்டினாலும் முடிவின்றிச் சுழலாதிருக்க, எடுத்துமுடித்தவற்றைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. உள்ளிருப்பது பகிரப்படுகிறதா, தனித்து நிற்கிறதா என்பதே இங்குக் கேள்வி. எனவே முதலாவதைப் பகிர்படி என்றும் இரண்டாவதைத் தனிப்படி என்றும் சொல்வதே தெளிவு. நிரலை ஒருமுறைகூட இயக்கிப் பாராமல் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களால்தான் கலைச்சொல் என்றாலே பிள்ளைகள் மிரளுகிறார்கள்.

படியெடுத்ததை ‘குளோன்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. சிறுகிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1903இல் தாவரவியலாளர் வெப்பர் உருவாக்கிய சொல் அது. ஒட்டுக்கட்டி வளர்த்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரப்பர் வகைப் பால்மரங்களைப் பார்த்து வளர்ந்த நம் தோட்டத்தாருக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும்: குணம் ஒன்று, ஆனால் மரத்துக்கு மரம் வேர் தனி, ஒன்றை வெட்டினால் மற்றதில் பால் வடியாது. ஜாவா நிரல்மொழியின் ‘குளோன்’ அப்படிப்பட்டதன்று. இயல்பாக அது தருவது பகிர்படியே; உள்ளிருப்பவற்றையும் படியெடுக்குமாறு நிரலர் மாற்றியெழுதினால்தான் தனிப்படி கிடைக்கும்.