தாய்க்குப் போடும் ஊசி குழந்தையைத் தொடுமா?

கோபிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்க நங்கைக்கு ஆறு மாசங்க. தலைக்குள்ள கட்டின்னு ஸ்கேன்ல தெரிஞ்சிருக்குதுங்க. வீக்கம் வத்தறதுக்கு டெக்சா ஊசி போடோணும்ங்கறாங்க. கொழந்தைக்கு ஆகாதுங்களா? கிரகணத்தப்ப வெளிய வந்ததாலதான்னு அமத்தா வேற அழுதுட்டே இருக்குதுங்க."

அமத்தாவிடம் (பாட்டியிடம்) முதலில் சொல்லுங்கள்: கிரகணத்துக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பழியையும் சேர்த்து ஒரு கர்ப்பிணி சுமக்கக் கூடாது.

மண்டையோடு இறுக மூடிய தூக்குப்போசி மாதிரி. கட்டியின் ரத்தக்குழாய்கள் கசிவதால் சுற்றியுள்ள மூளையில் நீர் கோத்து உள்ளே அழுத்தம் ஏறுகிறது. டெக்சா எனப்படும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து. அது கட்டியைக் கரைக்காது, கசிவைக் குறைக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தலைவலி தணியும்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். தாயின் உடம்பில் ஊறும் கார்டிசாலும் ஸ்டீராய்டுதான். கர்ப்பத்தின் கடைசியில் அது இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. அத்தனையும் உள்ளே போனால் கருவின் வளர்ச்சி குன்றும். போகவிடாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் இருக்கிறது, பெயர் 11-பீட்டா-எச்.எஸ்.டி.2. கார்டிசாலின் 11ஆம் கார்பன் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கி, வீரியமில்லாத கார்டிசோனாக்கிவிடும். பிரட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இதே கதி. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குழந்தையை எட்டும். டெக்சாமெத்தசோன் மட்டும் பெருமளவு தப்பிவிடுகிறது. அதன் 9ஆம் கார்பனில் ஒட்டியிருக்கும் ஒற்றை ஃப்ளூரின் அணு, பக்கத்திலேயே இருக்கும் 11ஆம் இடத்தில் நொதியின் பிடி விழாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரே ஓர் அணு! படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

உள்ளே போவதாலேயே டெக்சா கெட்டது என்றாகிவிடாது. குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட, 24 முதல் 34 வாரத்துக்குள் 12 மணிக்கொருமுறை 6 மில்லிகிராமாக நான்கு ஊசி போடுவதும் இதே மருந்தைத்தான். நெடுநாள் தேவைப்பட்டால் பிரட்னிசோலோனுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. சாய ஊசியை மட்டும் கூடியவரை தவிர்ப்பார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் கூடாது, லெவெடிராசிட்டாம் தருவார்கள். பொறுக்க முடிந்தால் ஆபரேஷன் பிரசவத்துக்குப் பிறகு. உயிருக்கு ஆபத்தென்றால் கர்ப்பத்திலேயே செய்வார்கள்.

காப்பாற்றுவதாக நினைத்துக் கர்ப்பிணிகளை மருந்துச் சோதனைகளிலிருந்து தள்ளியே வைத்துவிட்டோம். அதனால் இந்த நோயில் டாக்டர்கள் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் குறிப்புகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அரசு இந்த ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

மற்ற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மசக்கை பொதுவாக ஐந்தாம் மாதத்துக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் விடிகாலையில் தலைவலியோடு வாந்தி, கண் மங்கல் என்றால் கசாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.