மிஷ்டி திட்டமும் அலையாத்திக் காட்டின் மீது ஊருக்கு உள்ள உரிமையும்

ஒன்றிய அரசின் 2023–24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம், ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் பரப்பில், கடலோரச் சேற்றில் உப்புநீரைத் தாங்கி வளரும் அலையாத்திக் காடுகளை வளர்ப்பதையும் மீட்பதையும் இலக்காகக் கொண்டது. கடல்மட்டம் உயர்ந்து புயல்களின் வேகமும் கூடிவரும் காலத்தில், கரைக்கும் ஊருக்கும் நடுவே உயிருள்ள ஓர் அரணை நிறுத்துவதும், அதை நம்பிப் பிழைப்போரின் வருவாயைக் காப்பதும் இதன் நோக்கங்கள். நூறு நாள் வேலைத் திட்டம், காம்பா நிதி, பிற நிதிகள் ஆகியவற்றை இணைத்து இது நடத்தப்படும் என்று அறிவிப்பில் கூறப்பட்டது. காம்பா நிதி என்பது, வனநிலத்தைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ எடுத்துக்கொள்வோர் அதற்கு ஈடாகக் கட்டும் தொகையாகும். எங்கோ ஒரு காடு அழிந்ததற்கு வந்த பணம்தான் இங்கே கடற்கரையில் செலவாகிறது.

இது தனிநபர் விண்ணப்பித்து வங்கிக் கணக்கில் மானியம் பெறும் திட்டம் அன்று. ‘மிஷ்டியில் பெயர் சேர்த்துத் தருகிறேன்’ என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பணிகள் மாநில வனத்துறை வழியாக நடைபெறுகின்றன. ஊர் மக்களுக்கு இதில் கிடைக்கக்கூடியது வேலையும், காட்டைப் பேணும் முடிவுகளில் ஓர் இடமும்தான். அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவதற்கு, அலையாத்திக் காடு எப்படி மீளும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நாற்று நட்டால் காடு வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பிரித்தானியர் காலம் தொட்டு 1970-கள் வரை அங்கே கூறு கூறாக மரங்கள் மொட்டையாக வெட்டப்பட்டன. நிழல் போனபின் ஈரம் ஆவியாகி மண் உள்வாங்கித் தொட்டிபோல் குழிந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த நீர், கடல் வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்து, எந்தச் செடியும் தாங்காத அளவுக்கு உப்பை விட்டுச்சென்றது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் ஊர் மக்களுடன் சேர்ந்து அங்கே முதலில் வெட்டியது வாய்க்கால்களைத்தான். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என மேலிருந்து பார்த்தால் மீன்முள்போல் தெரியும் அந்த அமைப்பின் வழியே கடல்நீர் நாள்தோறும் வந்துபோகத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகுதான் அலையாத்தி மரங்களான வெண்கண்டலும், காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிடும் சுரபுன்னையும் வேர்பிடித்தன. ஆகவே உங்கள் பகுதியில் பணி தொடங்கும்போது, எத்தனை நாற்று என்பதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். வாய்க்கால்களை ஆண்டுதோறும் தூர்வார யாருக்குப் பொறுப்பு, அந்தக் கூலிக்கு நிதி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்பது நல்லது. பராமரிப்பில்லாத வாய்க்கால் சேற்றால் மூடிக்கொள்ளும்.

ஏற்கெனவே நிற்கும் காட்டுக்குக் காவலாக இருப்பது, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2019 ஜனவரி 18 அன்று வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அலையாத்திக் காடுகள் அதில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் வருகின்றன. ஒரு காட்டின் பரப்பு 1,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 25 சென்ட்டைத் தாண்டினால், அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் அதே வகையில் சேரும். தனியார் நிலத்திலுள்ள காட்டுக்கு மட்டும் இந்த இடைவெளி தேவையில்லை என்ற விலக்கு, என் பார்வையில், அறிவிக்கையின் பலவீனமான இடம். பாதுகாப்புத் துறைக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ தவிர்க்க முடியாமல் காட்டினூடே சாலை அமைத்தால், அழிந்த பரப்பைப்போல் குறைந்தது மும்மடங்கில் ஈடாக நடவேண்டும். உங்கள் ஊர்க் காடு கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளதா என்று சர்வே எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் விடுபட்ட காட்டுக்காக வாதாடுவது கடினம்.

காட்டுக்குள் போய்வரும் உரிமை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறி என்னும் கூடையில் போடும் இருளர்களைப் போன்றோருக்கு, வேலி போடப்பட்ட காடு என்பது பிழைப்பு பறிபோவதாகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு, நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்கள் மீதான சமூக உரிமையையும், 3(1)(ஐ) பிரிவு, வழிவழியாகக் காத்துவந்த சமூக வனவளத்தைப் பாதுகாத்து மேலாண்மை செய்யும் உரிமையையும் அங்கீகரிக்கின்றன. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த வனத்தைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மற்ற மரபுவழி வனவாசிகள் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அவ்வாறு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

பயன்பாட்டு உரிமைக்குப் படிவம் ‘பி’யிலும், மேலாண்மை உரிமைக்குப் படிவம் ‘சி’யிலும் கிராமசபையிடம் கோரிக்கை தர வேண்டும். கிராமசபையின் தீர்மானத்தில் குறையிருந்தால் 60 நாள்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவில் குறையிருந்தால் மீண்டும் 60 நாள்களுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடமும் முறையிடலாம். கோரிக்கை சரிபார்க்கப்பட்டு முடியும்வரை, தம் அனுபோகத்திலுள்ள வனநிலத்திலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு.