கால் இல்லாத கோபுரம்

கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும் நாளிலும் அதன் உச்சி நுனியில் இருந்து தெரியும் கடல் விளிம்பு ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் முடிந்துவிடும், ஏனென்றால் அதற்கப்பால் பூமி வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. டிவி, எஃப்எம் அலைகளும் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும் என்பதால் அவற்றுக்கும் ஏறத்தாழ இதே எல்லைதான். யாழ்ப்பாணம் வரை அலை போகவேண்டும் என்றால் இடையில் இன்னும் கோபுரங்கள் வேண்டும், அல்லது ஒரே கோபுரம் இன்னும் உயரமாக வேண்டும். எவ்வளவு உயரம் வரை போகலாம்? இப்படியான கேள்வியை விடாமல் துரத்திக்கொண்டு போவதுதான் எனக்கு அறிவியல் புனைவில் மிகவும் பிடித்த விஷயம்.

அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிய பதில், தொட்டுப் பார்க்கக்கூடிய கோபுரத்தையே விட்டுவிட்டது. கால் இல்லாத கோபுரம் ஒன்றை, அதாவது ஒரு செய்மதியை, வானத்தில் நிறுத்தலாம், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் போதும் என்றார். முதல் செய்மதி ஸ்புட்னிக் பறந்ததே 1957 இல்தான். கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து, கொழும்பிலேயே வாழ்ந்து, 2008 இல் இங்கேயே இறந்தார். பொரளை கனத்தை மயானத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

கால் இல்லாமல் எப்படி நிற்கிறது? உண்மையில் அது நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் போகும் வேகம் போதுமானதாக இருந்தால், செய்மதி விழ விழப் பூமியும் அதே அளவு வளைந்து விலகிக்கொண்டே போகும், அதனால் அது தரையைத் தொடுவதே இல்லை. மேலே போகப் போக ஈர்ப்புக் குறையும், தேவையான வேகமும் குறையும், சுற்ற வேண்டிய பாதையோ நீளும். 400 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையம் செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. 384,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நிலவுக்கு 27 நாட்களுக்கு மேல் வேண்டும். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் எடுக்கத்தானே வேண்டும்! அந்த உயரம் 35,786 கிலோமீற்றர், அதாவது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாமரைக் கோபுரங்கள். அங்கே பூமியும் செய்மதியும் ஒன்றாகத் திரும்புவதால், கீழே இருந்து பார்க்கிற நமக்கு அது அசையாமல் இருப்பதாகத் தெரிகிறது.

ஆனால் இதைக் கொழும்புக்கு நேர் மேலே நிறுத்த முடியாது. எந்தச் சுற்றுப்பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றித்தான் அமையும், ஆகவே அசையாமல் தெரியவேண்டிய செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே மட்டும்தான் இருக்கலாம். நாம் அதிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே. வெள்ளவத்தை மாடி வீடுகளின் பல்கனிகளில் பூட்டியிருக்கும் டிஷ்களைக் கவனித்தால், அவை நன்றாக அண்ணாந்து பார்ப்பது தெரியும். லண்டனில் இருக்கும் உறவுக்காரர் வீட்டு டிஷ், முன்வீட்டுக் கூரையைப் பார்ப்பது போல நேராக நிற்கும். அங்கே இருந்து பார்த்தால் பூமத்திய ரேகைச் செய்மதிகள் தெற்குத் தொடுவானில் அவ்வளவு தாழ்வாகத்தான் தெரிகின்றன.

ஐப்பசி மழை பிடித்தவுடன் டிவி படம் உடைவதற்கும் காரணம் இருக்கிறது: அந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு, மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனப்படுத்துகின்றன. மார்ச் நடுப்பகுதி தாண்டியும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, நல்ல வெயிலிலேயே சில நிமிடம் படம் போகும். அப்போது சூரியன் சரியாகச் செய்மதியின் பின்னால் வந்துவிடுகிறது, அதன் ரேடியோ இரைச்சல் செய்மதியின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும்.

அப்புறம் தூரம். அலை மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ கால் செக்கன், கேள்விக்குப் பதில் கிடைக்க அரைச் செக்கன். டிவிக்கு இது ஒன்றுமே இல்லை, பேச்சுக்கு உறுத்தும். 2025 இல் இலங்கையில் செய்மதி இணையச் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் இதனால்தான் 550 கிலோமீற்றர் அளவிலேயே செய்மதிகளை ஓட விடுகிறது. தாமதம் போய்விட்டது, ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் நம் வானத்தைக் கடந்துவிடும், அதனால் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது.

சரி, வானத்தில் நிற்கும் கோபுரத்துக்குக் கால் வைத்தால் என்ன? 1960 இல் ரஷ்யப் பொறியியலாளர் யூரி அர்ட்சுடானோவ் இதை எழுதினார். மேலே இருந்து ஒரு கேபிளைத் தரை வரை இறக்கி, எடை சமனாக இருக்க எதிர்ப்பக்கம் வெளியேயும் நீட்ட வேண்டும். 35,786 கிலோமீற்றருக்குக் கீழே உள்ள பகுதியை ஈர்ப்பு உள்ளே இழுக்கும், மேலே உள்ள பகுதி சுழற்சியால் வெளியே இழுபடும், கேபிள் விறைப்பாக நிற்கும். அதில் லிப்ட் ஏறிப் போகலாம், ரொக்கெட் தேவையில்லை. கிளார்க் 1979 இல் இதை நாவலாக்கியபோது இலங்கையையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். கணக்கை வளைக்காமல் வரைபடத்தை வளைத்திருக்கிறார்.

நிஜத்தில் தடுப்பது கேபிள்தான். மிக வலிமையான உருக்குக் கம்பிகூடச் சில பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்குத் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும், இங்கே வேண்டியதோ ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் நீளம் தொங்கினாலும் அறாத வலு (மேலே போகப் போக ஈர்ப்புக் குறைவதால் முழு 35,786க்கும் தேவையில்லை). மேலே தடிப்பாகவும் கீழே மெல்லியதாகவும் செய்தால் கொஞ்சம் குறைவான வலுவும் போதும், ஆனாலும் உருக்கு எட்டாது. கார்பன் நனோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்கள்) தனித்தனி இழையாக அந்த அளவை நெருங்குகின்றன, ஆனால் 2013 இல் சீன ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டிய நீளமே அரை மீற்றர்தான். ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2050 க்குள் 96,000 கிலோமீற்றர் கேபிள் என்று 2012 இல் அறிவித்தது. அந்த ஆண்டை நான் நம்பவில்லை.

இன்னொரு சிக்கல் நம் காலத்தில்தான் பெரிதாகிறது. தாழப் பறக்கும் ஒவ்வொரு செய்மதியும் ஒரு சுற்றில் இரண்டு தடவை பூமத்திய ரேகையைக் கடக்கிறது, கேபிள் நிற்கப்போவதும் அங்கேதான். ஆயிரக்கணக்கான செய்மதிகள் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே போகும்போது, என்றாவது ஒன்று மோதாமல் இருக்காது. கேபிளின் அடியைக் கடலில் மிதக்கும் மேடையில் கட்டி, தேவைப்படும்போது நகர்த்தி விலக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

அந்த மேடைக்கு நம் கடல் நன்றாகப் பொருந்தும். பூமத்திய ரேகை சரியான வட்டமல்ல, சற்றே நீண்டது. அதனால், அசையாமல் தெரியும் நிலைச்செய்மதிகள் எரிபொருள் தீர்ந்ததும் மெல்ல நகர்ந்து, இரண்டு நெடுங்கோடுகளில் ஒன்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக ஊசலாடுகின்றன, அதாவது அந்த இடங்களில் இருப்பது தானாக விலகிப் போகாது. ஒன்று பசிபிக் பக்கம், 105 பாகை மேற்கு. மற்றது 75 பாகை கிழக்கு, மாலைதீவுக்கும் இலங்கைக்கும் இடையில், தெய்வேந்திரமுனையில் இருந்து கப்பலில் தென்மேற்கே இரண்டொரு நாளில் போய்விடக்கூடிய தூரம்.