‘அப்பா’ என்று ஒலித்தால் உறவாகிவிடுமா?

தந்தையர் தினம் நெருங்கினால் சிங்கப்பூர்த் தமிழ் மேடைகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் தலைகாட்டும் வாதம் ஒன்று உண்டு: இயேசு கடவுளை ‘அப்பா’ என்றுதான் அழைத்தார், ஆகவே அது தமிழ்.

முன்பாதி சரி. மாற்கு 14:36இல் கெத்செமனே தோட்டத்து ஜெபத்தில், இயேசு பேசிய அரமேய மொழியின் அந்தச் சொல் கிரேக்க மூலத்திலும் அப்படியே நிற்கிறது. பவுலின் ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகியவற்றிலும் வருகிறது. பக்கத்திலேயே கிரேக்கச் சொல்லும் இருப்பதால்தான் தமிழ் விவிலியத்தில் ‘அப்பா, பிதாவே’. பலர் நினைப்பதுபோல் அது வெறும் மழலைச் சொல்லும் அல்ல. வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் அழைத்தார்கள்.

பின்பாதிதான் இடறுகிறது. ப, ம போன்ற இதழொலிகள் குழந்தை வாயில் முதலில் வருபவை. அவற்றைப் பெற்றோர் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். நம் புளோக் மின்தூக்கியில் மாண்டரின் ‘பாபா’வும் மலாய் ‘பாப்பா’வும் காதில் விழுகின்றனவே, அவற்றை யாரும் தமிழ் என்பதில்லை. ஜார்ஜிய மொழியிலோ ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா!

இரு மொழிகளுக்கிடையே உறவை நிறுவ, ஒரே ஒலிமாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரவேண்டும். சமஸ்கிருத ‘பிதா’வுக்கு ஆங்கில ‘ஃபாதர்’, ‘பஞ்ச’வுக்கு ‘ஃபைவ்’, ‘பாத’த்துக்கு ‘ஃபுட்’. ரிக் வேதத்தின் ‘தியௌஸ் பிதா’, கிரேக்கரின் ‘ஸேயுஸ் பத்தேர்’, ரோமரின் ‘ஜூப்பிட்டர்’ மூன்றும் ஒரே வானத்தந்தையின் பெயரிலிருந்து கிளைத்தவை என்பது இப்படித்தான் தெரிந்தது.

தமிழின் பழமையைப் பேச ஆசையா? குறுந்தொகை 40ஐ எடுங்கள். ‘எந்தையும் நுந்தையும்’ என்கிறது பாட்டு. எந்தை, என் அப்பா. நுந்தை, உன் அப்பா. ‘தந்தை’ முதலில் குறித்தது படர்க்கையில் உள்ளவரின் அப்பாவை. உறவு சொல்லுக்குள்ளேயே இருப்பதால், அழைப்பிதழில் ‘எனது எந்தை’ என்று அச்சிட்டால் ‘என்’ இரண்டு முறை வந்துவிடும். ‘என் தந்தை’ இன்றைய வழக்கில் பிழையில்லை.

இங்குள்ள தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அப்பா ‘அத்தா’தான். அதைத் துருக்கிச் சொல் என்று எழுதுமுன் சுந்தரர் தேவாரத்தைப் புரட்டுங்கள். திருவெண்ணெய்நல்லூர்ச் சிவனைப் ‘பித்தா’ என்று கூப்பிட்டுத் தொடங்குபவர், அதே பாட்டின் கடைசி அடியில் ‘அத்தா’ என்கிறார்.